லண்டனில் எட்டு மணி நேரம்

கனடாவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வழியில் லண்டன் ஹீத்ரோவில் எட்டு மணி நேரம் தங்க நேர்கிறதா, சகோதரிகளே? விமான நிலையத்துக்கு வெளியே செல்ல அனுமதிக்கும் வீசாவைப் பிரயாணத்துக்கு முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

நகர் முழுவதையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், ஓரிடம் போதும். எலிசபெத் பாதைப் புகையிரதத்தில் ஏறினால், இடையில் மாறாமலே ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் வைட்செப்பல். அருகிலுள்ள கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் பெண்கள் தொழத் தனியிடம் உண்டு. சுற்றிலும் ஹலால் உணவகங்கள். ஆறுதலாகச் சாப்பிட்டு, தேநீர் அருந்தி, கடைத்தெருவில் நடந்து பாருங்கள்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹரும் அஸரும் தவறாதபடி நேரங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கைப்பையில் குளிருடையும் மருந்தும் இருக்கட்டும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பிவிட்டால் பதற்றமில்லை.