கட்டம் போட்ட சட்டையும் நெசவாளர் தெருவும்

கட்டம் போட்ட பருத்திச் சட்டை ஒன்றாவது இல்லாத ஆண்பிள்ளை நம்மில் அநேகமாக இருக்க மாட்டார். அந்தத் துணிக்கு உலகச் சந்தையில் இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர். கோட்டு, டை, வெள்ளைச் சட்டை ஆகியவற்றைப் போல, மேலைநாட்டு ஆண்கள் உடையில் காலம் கடந்து நிற்பவற்றுள் அதுவும் ஒன்று. அந்தத் துணி எப்படி உலகம் சுற்றியது, அதை நெய்தவர்களின் ஊர்கள் எவ்வாறு அமைந்திருந்தன, வேகமாக வளர்ந்து வரும் சந்தாபுராவில் வாழும் நமக்கு அதில் என்ன பாடம் என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

துணிக்காக எழுந்த நகரம்

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதற்கு முக்கியக் காரணம், அங்கே பருத்தித் துணி நல்ல விலைக்குக் கிடைத்ததுதான். துறைமுக வசதிக்காக அல்ல. அன்று அங்கே துறைமுகமே கிடையாது. சற்று வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இலேயே கோட்டை கட்டித் துணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் பெரியவர்கள் 'பளையகாட் லுங்கி' என்பார்களே, அது பழவேற்காட்டின் பெயர்தான்.

இந்தக் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. நைஜீரியாவின் கலாபரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள சடங்குகளில் பயன்படுத்தினார்கள். மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா ஆகிய கரீபியத் தீவுகளில் பெண்களின் பாரம்பரிய உடையே மெட்ராஸ் துணியால் ஆனது.

சாயம் போனதே பெருமையானது

1958-இல் இத்துணி பெருமளவில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, நியூயார்க்கின் புகழ்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆண்களுக்கான கோட்டாகவும் சட்டையாகவும் விற்பனைக்கு வந்தது. துவைத்ததும் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே நிறையாக்கி, 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து புது அழகு பெறும் என்பது அவர்கள் வாதம். அந்தத் துணியை அனுப்பியவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவரும் அவரே.

தறிக்கு ஏற்ற தெரு

இனி ஊருக்கு வருவோம். நெசவில் நீளவாட்டு நூலைப் பாவு என்கிறோம். தறியில் ஏற்றுமுன் பாவைப் பல கஜ நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, சிக்கெடுத்து உலர்த்த வேண்டும். இதை வீட்டுக்குள் செய்ய இயலாது. ஆகவே நெசவாளர் தெரு நீளமாகவும் நேராகவும் மேடுபள்ளமின்றியும் இருந்தாக வேண்டும். கடும் வெயிலில் நூல் விறைத்து அறுந்துவிடும் என்பதால் அதிகாலை வேளையும் மர நிழலும் தேவை. சேலம் பக்கத்தில் இதற்கென்றே ஒதுக்கிய திடலைப் 'பாவடி' என்பார்கள். விடியலில் தொழிற்கூடமாக இருந்த அதே தெரு, பகலில் பாதை, மாலையில் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்.

இரண்டாவது தேவை தண்ணீர். நூலை நனைக்க, சாயமேற்ற, துணியை அலச நல்ல நீர் வேண்டும். 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் நெசவாளர்களுக்கென்று சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோது, கூவம் வளைந்து சூழும் இடம்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர் எல்லோரும் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 'சின்னத் தறிப் பேட்டை'யே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பது பெயர்க் காரணம்.

நல்ல சட்டைக்கு அடையாளம்

மெட்ராஸ் துணி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நூலிலேயே சாயமேற்றி நெய்ததானால் உள்ளும் புறமும் ஒன்றுபோல் இருக்கும். அச்சடித்ததில் உட்புறம் வெளிறியிருக்கும். சட்டைப் பையிலும் பட்டன் பட்டியிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். தைக்குமுன் ஒருமுறை தண்ணீரில் நனைத்தெடுத்தால் பின்னால் சுருங்காது. நம் வெயிலுக்குக் காற்றோட்டமாகச் சற்றே தளர்வாக இருப்பது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல தையற்காரர் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். சட்டை பத்து வருஷம் உழைக்கும்.

சந்தாபுராவுக்கு என்ன பாடம்?

நமக்குப் பக்கத்திலுள்ள ஆனேக்கல் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த ஊருக்குச் சாலை பிரியும் இடம்தான் சந்தாபுரா. பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் ஓசூர் சாலையும் வந்தபின், வயல்கள் முப்பதுக்கு நாற்பது சைட்டுகளாயின. கடைசி அடி வரை விற்றுத் தீர்த்த லேஅவுட், உள்ளே துணி விடாமல் தைத்த சட்டையைப் போன்றது. நடைபாதைக்கும் மரத்துக்கும் பிள்ளைகள் விளையாடவும் பிறகு இடம் தேடினால் எங்கே கிடைக்கும்?

தண்ணீர் கதை இன்னும் வேதனையானது. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து நம் சந்தாபுரா ஏரி கெட்டது. அதைக் காக்கத் தவறியதற்காக 500 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நகரத் திட்டம் என்ற சொல்லே அறியாத நெசவாளர்கள், நீரையும் நிழலையும் தெருவையும் கணக்கிட்டே குடியமர்ந்தார்கள். படித்த நாம் அவற்றை இழந்து நிற்கிறோம்.

நம்மால் ஆகக்கூடியது சிறிதுதான், ஆனாலும் உண்டு. சைட் வாங்கும் அன்பர்கள் விலையோடு நிறுத்தாமல், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எது, மழைநீர் எந்த வழியாக ஏரிக்குப் போகிறது என்று வரைபடத்தில் பார்த்துக் கேட்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு வேம்போ புங்கையோ நட வேண்டும். அடுத்த பொங்கலுக்கு, 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடையில் ஒரு கைத்தறிச் சட்டைத் துணி வாங்கி, நம் தெருத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்லவும் மறக்க வேண்டாம்.