ரயில் கட்டணம்: குறைவா, அதிகமா?

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி ஓடியது. மும்பையில் புறப்பட்டு தானே என்ற ஊர் வரை சென்றது. தூரம் 34 கிலோமீட்டர். இன்று நம் நாட்டில் தினமும் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் ரயிலில் போகிறார்கள். வேலை தேடிப் போகிறார்கள். ஆசுபத்திரிக்குப் போகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறார்கள்.

"நம் நாட்டில் ரயில் கட்டணம் மிகவும் குறைவு" என்று சிலர் சொல்கிறார்கள். "கூலிக்காரருக்கு இதுவே அதிகம்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி? வேறு நாடுகளில் எப்படி என்று பார்த்தால் விடை தெரியும்.

ஜப்பானின் வேக ரயில்

ஜப்பான் நாட்டில் டோக்கியோ, ஒசாகா என்று இரண்டு பெரிய நகரங்கள் உள்ளன. இவற்றுக்கு இடையே ரயில் பாதையின் தூரம் 515 கிலோமீட்டர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இங்கே வேக ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது பயண நேரம் நான்கு மணி. இப்போது இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்.

ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது. கால் நீட்டி உட்கார இடம் இருக்கிறது. பெட்டி சுத்தமாக இருக்கிறது. இந்த வேக ரயில்கள் மோதியோ தடம் புரண்டோ பயணி ஒருவர் கூட இதுவரை இறந்ததில்லை.

இதற்குக் கட்டணம் எவ்வளவு? ஏறக்குறைய 14,000 யென். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். நம் பணத்தில் சுமார் 8,000 ரூபாய்.

இந்தியாவில் மும்பையில் இருந்து அகமதாபாத் போவதற்கும் ஏறக்குறைய இதே தூரம்தான். பொதுப் பெட்டியில் போனால் கட்டணம் சுமார் 200 ரூபாய். அப்படியானால் ஜப்பானில் 40 மடங்கு அதிகம். ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை.

எத்தனை மணி நேர உழைப்பு?

இரண்டு நாட்டிலும் கூலி ஒன்றல்ல. ஆகவே பணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதாது. உழைப்பையும் ஒப்பிட வேண்டும்.

ஜப்பானில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி உண்டு. 2024ஆம் ஆண்டில் அது சராசரியாக மணிக்கு 1,055 யென். அந்தக் கூலி வாங்குபவர் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் உழைத்தால் வேக ரயிலுக்கு டிக்கெட் வாங்கலாம்.

இந்தியாவில் ஒருவருக்கு எட்டு மணி நேர வேலைக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய் டிக்கெட்டுக்கு அவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

பணத்தில் 40 மடங்காக இருந்த வித்தியாசம், உழைப்பில் இரண்டரை மடங்காகக் குறைந்துவிட்டது! கணவனும் மனைவியும் போய்த் திரும்பினால் 800 ரூபாய் ஆகும். அது இரண்டரை நாள் கூலிக்கும் மேல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொதுப் பெட்டி டிக்கெட்டில் இருக்கை எண் இருக்காது. இடம் கிடைத்தால் உட்காரலாம். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போக வேண்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கும் இதே நிலைதான்.

மீதிப் பணம் யாருடையது?

ஒரு பயணியை ஏற்றிச் செல்ல ரயில்வேக்கு 100 ரூபாய் செலவானால், 54 ரூபாய்தான் கட்டணமாக வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சர் 2024இல் கூறினார். மீதி 46 ரூபாய் எங்கிருந்து வருகிறது?

பெரும் பகுதி சரக்கு ரயிலில் இருந்து வருகிறது. நிலக்கரி, இரும்புத் தாது, சிமென்ட், உரம், அரிசி, கோதுமை எல்லாம் சரக்கு ரயிலில் போகின்றன. அந்த வாடகை பொருளின் விலையில் சேருகிறது. நிலக்கரியில் இருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆகவே மின்சாரக் கட்டணத்திலும் அது சேருகிறது. ரயிலில் ஏறாதவரும் ரயிலுக்குப் பணம் தருகிறார்!

புதிய பாதை போடவும் புதிய பெட்டி வாங்கவும் அரசு பணம் தருகிறது. அது மக்களின் வரிப் பணம். ஒரு சோப்பு வாங்கினாலும் அதில் வரி உண்டு. அப்படியானால் ஏழையும் வரி கட்டுகிறார்.

மற்ற நாடுகளில் வேறு வேறு வழிகள் உள்ளன. ஜப்பானில் டோக்கியோ, ஒசாகா வேக ரயிலின் செலவு முழுவதையும் பயணிகளின் கட்டணமே ஈடு செய்கிறது. ஐரோப்பாவில் லக்சம்பர்க் என்ற சிறிய நாடு உள்ளது. அங்கே 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் ரயிலும் பஸ்ஸும் இலவசம். முதல் வகுப்பில் போகிறவர் மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். இலவசம் என்றாலும் செலவு உண்டு. அதை வரிப் பணத்தில் இருந்து அரசு தருகிறது.

ஜெர்மனியில் 2023 மே மாதம் ஒரு மாத டிக்கெட் வந்தது. அப்போது விலை 49 யூரோ, அதாவது சுமார் 4,400 ரூபாய். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பஸ்களிலும் போகலாம். வேக ரயிலில் போக முடியாது. குறையும் பணத்தை மத்திய அரசும் மாநில அரசுகளும் பங்கிட்டுத் தருகின்றன. 2025இல் விலை 58 யூரோ ஆனது.

எந்த நாட்டிலும் ரயில் சும்மா ஓடுவதில்லை. பயணி தர வேண்டும். இல்லை, சரக்கு தர வேண்டும். இல்லை, வரி தர வேண்டும்.

ஏழைக்கு இருக்கை எப்படி வந்தது?

ரயில் முதலில் வளர்ந்த நாடு இங்கிலாந்து. அங்கேயும் ஏழைக்கு வசதி தானாக வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகளை, கூரை இல்லாத திறந்த வண்டிகளில் ஏற்றினார்கள். 1841 டிசம்பர் 24 அன்று சோனிங் என்ற இடத்தில் பாதையில் மண் சரிந்து கிடந்தது. ரயில் அதில் மோதியது. திறந்த வண்டியில் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள்.

1844இல் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தினமும் ஒரு ரயிலாவது ஏழைகளுக்காக ஓட வேண்டும். பெட்டிக்குக் கூரை வேண்டும். உட்கார இருக்கை வேண்டும். கட்டணம் ஒரு மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. இவ்வாறு சட்டம் சொன்னது.

நம் நாட்டிலும் மூன்றாம் வகுப்பு இருந்தது. காந்தியடிகள் அதில் பயணம் செய்தார். அங்கே இருந்த நெரிசலையும் அழுக்கையும் பற்றி 1917இல் எழுதினார். 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது. அது இரண்டாம் வகுப்பு ஆனது. ஆனால் படுக்கை வெறும் மரப்பலகையாகவே இருந்தது. 1977இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சர் ஆனார். அவர் காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு இரண்டு அங்குல மெத்தை வந்தது.

2019இல் வந்தே பாரத் ரயில் வந்தது. அது முழுவதும் குளிர்சாதன வண்டி. கட்டணமும் அதிகம். 2023 டிசம்பரில் அம்ரித் பாரத் ரயில் வந்தது. இதில் குளிர்சாதனம் இல்லை. பொதுப் பெட்டியும் படுக்கைப் பெட்டியும் உண்டு.

குறைந்த கட்டணம் ஏழைக்குப் பெரிய உதவி. அது இல்லாவிட்டால் பலர் ஊரைவிட்டு வெளியே போகவே முடியாது. ஆனால் அது யாரோ போடும் பிச்சை அல்ல. மீதிப் பணமும் மக்களின் பணம்தான். ஆகவே சுத்தமான பெட்டி, தண்ணீர், கழிப்பறை, உட்கார ஓர் இடம் ஆகியவற்றைக் கேட்பது தவறல்ல. குறை இருந்தால் 139 என்ற எண்ணுக்கு போன் செய்து சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. நீங்கள் கடைசியாக ரயிலில் போன ஊர் எது? கட்டணம் எவ்வளவு?
2. அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள்?
3. கட்டணம் கூடினாலும் பரவாயில்லை, இருக்கை வேண்டும் என்பீர்களா? கட்டணம் கூடாமல் இருக்கை தர வேறு வழி உண்டா? எல்லோரும் கூடிப் பேசுங்கள்.