கிடாரில் ஓடும் ஷேப்பிங் மிஷின்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

கையில் கிடாரைப் பார்த்ததும் நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி, "பாட்டு வாசிப்பியா?" அடுத்த கேள்வி, "லீடா, ரிதமா?" 'ரிதம்' என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவன் முகம் லேசாக வாடிவிடும். கிரிக்கெட் டீமில் பன்னிரண்டாவது ஆள் என்று சொன்ன மாதிரி!

நண்பர்களே, இந்தக் கட்டுரை அந்தப் பன்னிரண்டாவது ஆளுக்காக. ப்ளூஸ் இசையில் 'ஷஃபிள்' என்று ஒரு தாள நடை உண்டு. விடுதியில் அறை நண்பன் பாட, ஒரு வருஷமாக நான் இதைத்தான் வாசித்து வருகிறேன். விரல் வைக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாலை நேரம் போதும். அதையே ஐந்து நிமிஷம் தடுமாறாமல் வாசிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது வெறும் விரல் பயிற்சியாகிவிடும். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே உள்ள சமவெளியை 'டெல்டா' என்பார்கள். பருத்தி பூமி. அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் பெரும்பாலோர் அங்கே வாரத்துக்குத்தான் பயிர் செய்தார்கள். நிலம் முதலாளியுடையது. விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அவர் கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு மிஞ்சுவது மறுபடியும் கடன்தான். அந்த வயல்களிலும் குடிசை வாசல்களிலும் பிறந்ததுதான் ப்ளூஸ். 1912-ல் டபிள்யூ. சி. ஹேண்டி என்பவர் 'மெம்பிஸ் ப்ளூஸ்' என்ற இசையை அச்சிட்டபோது, ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்ததற்கு நகரத்திலும் ஒரு பெயர் கிடைத்தது.

ஷஃபிளின் இன்னொரு தாய்வீடு பியானோ. தெற்கே மரம் வெட்டும் முகாம்களில் தொழிலாளிகள் ஆடுவதற்காக, பழைய பியானோக்களில் 'பூகி-வூகி' என்ற முரட்டு நடையை வாசிப்பார்கள். வலது கை விளையாடும். இடது கை மட்டும் செக்கு மாடு மாதிரி ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடது கையைத் தூக்கிக் கிடாரின் அடிக்கம்பிகளில் வைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஜான்சன். 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டல்லாஸிலும் ஆக மொத்தம் 29 பாட்டுகள் பதிவு செய்தார். 1938-ல், 27 வயதில் செத்துப்போனார். அவரது பதிவுகளில் ஒரே கிடார்தான். கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, கிடாரைக் கையில் எடுங்கள்.

நம்ம வொர்க்ஷாப்பில் ஷேப்பிங் மிஷின் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டூல் முன்னால் போகும்போது உலோகத்தைச் சீவும், அதனால் மெதுவாகப் போகும். திரும்பும்போது வேலை இல்லை, சட்டென்று வந்துவிடும். குவிக் ரிடர்ன் மெக்கானிசம்! வைவாவில் கேட்காத வருஷமே கிடையாது. ஷஃபிளும் அதேதான். ஒரு அடி நீளம், அடுத்த அடி குறில். மறுபடி நீளம், மறுபடி குறில்.

கணக்காகச் சொன்னால், ஒரு தாளத்தட்டை மூன்று சம பாகமாக வெட்டுங்கள். மிருதங்கம் படித்தவர்கள் திஸ்ர நடை என்பார்கள்: த-கி-ட. இதில் 'த'வில் அடிக்கணும், 'கி'யில் சும்மா இருக்கணும், 'ட'வில் அடிக்கணும். த...ட, த...ட, த...ட, த...ட. நிமிஷத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கு அரை செகண்ட். முதல் அடிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது அடிக்கு ஒரு பங்கு. இந்த 2:1 என்பது பாடப்புத்தக அளவுதான். நல்ல வாசிப்பாளர்கள் இதை ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. வேகம் கூடக்கூட இரண்டு அடிகளும் சமத்துக்கு நெருங்கி வரும். அந்த 'கி'யில் சும்மா இருப்பதுதான் பெரிய பாடு. கிடாரைத் தொடாமல் வாயால் சொல்லிக்கொண்டே மெஸ்ஸுக்கு நடந்து போங்கள். நான் சொல்கிற பயிற்சிகளில் செலவில்லாதது இது ஒன்றுதான்.

இடது கைக்கு வருவோம். 'ஏ'யில் தொடங்கலாம். ஐந்தாவது கம்பியை எதையும் அமுக்காமல் வெறுமனே விடுங்கள், அது 'ஏ'. நான்காவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். இந்த இரண்டு கம்பியை மட்டும் சேர்த்து அடிக்கணும். த...ட என்று இரண்டு அடி. அடுத்த தட்டில் ஆள்காட்டி விரலை எடுக்காமலே அதே கம்பியின் நான்காவது ஃபிரெட்டில் மோதிர விரலை வையுங்கள். மறுபடி த...ட. பிறகு மோதிர விரலை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான், ஷஃபிள் வந்தாச்சு! ஒரு தட்டுக்கு வைப்பது, அடுத்த தட்டுக்கு எடுப்பது. 'டி'க்குப் போகணும் என்றால் இதே விரல்களை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்குங்கள்: நான்காவது கம்பி வெறுமனே, மூன்றாவது கம்பியில் விரல். 'ஈ'க்கு ஒரு கம்பி மேலே: ஆறாவது வெறுமனே, ஐந்தாவதில் விரல். ஒரே ஜிக், மூன்று வேலை!

இது ஏன் இவ்வளவு திடமாகக் கேட்கிறது? வெறும் ஐந்தாவது கம்பியின் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். நான்காவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட் சுமார் 165. அதாவது 2-க்கு 3. மோதிர விரல் வைத்தால் 185, கிட்டத்தட்ட 3-க்கு 5. சின்ன எண்களின் விகிதம், அதனால் காதுக்கு உறுத்தாது. இதைவிட முக்கியம், இந்த அடியில் எது இல்லை என்பது. மகிழ்ச்சியா சோகமா என்று தீர்மானிக்கிற மூன்றாவது சுரம் இதில் கிடையாது. அதைப் பாடுகிறவரிடமே விட்டுவிடுகிறோம். ப்ளூஸ் பாடகர்கள் அந்தச் சுரத்தை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ வளைத்துப் பிடிப்பார்கள். ரிதம்காரன் இடம் விடுவதால்தான் அவரால் வளைக்க முடிகிறது.

வெறும் கம்பி இல்லாமல் ஃபிரெட்டுகளில் நகர்த்தி வாசிக்கும்போதுதான் சுண்டு விரல் அழும். ஆறாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி, ஐந்தாவது கம்பி ஏழில் மோதிர விரல், ஒன்பதுக்குச் சுண்டு விரல் நீளணும். இதை ஃபிரெட் எண் குறைவான பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். 648 மி.மீ. நீளக் கம்பியில் முதல் கட்டம் சுமார் 36 மி.மீ. அகலம், பன்னிரண்டாவது கட்டம் 19 மி.மீ.தான். உடம்புப் பக்கம் தள்ளி ஆரம்பித்து, விரல் இளக இளகத் தலைப்பக்கம் வாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலியோடு வாசிப்பது வீரம் இல்லை.

வலது கையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் பாதி ஷஃபிள் அங்கேதான். உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டு விரல் பக்கத்தை, பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிமேல் லேசாக வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னால் போனால் சத்தம் செத்துவிடும், பின்னால் போனால் கம்பி கத்தும். நடுவில் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சரியான இடத்தில் 'டும்...கு டும்...கு' என்று அடங்கிய சத்தம் வரும். பிக்கை நீள அடிக்குக் கீழேயும் குறில் அடிக்கு மேலேயும் இழுக்கலாம், எல்லாவற்றையும் கீழேயே அடிக்கலாம். நிதான வேகத்துக்கு எல்லாம் கீழ் அடிதான் எனக்குப் பிடிக்கும், சத்தம் ஒரே கனமாக இருக்கும். அழுத்தம் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் விழணும். நம்ம கை தானாக ஒன்றில்தான் அழுத்தும், கவனம்.

இனி பன்னிரண்டு பார். (இது பாட்டில் விற்கிற பாரும் இல்லை, சிவில்காரர்கள் வளைக்கிற பாரும் இல்லை!) நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார். முதல் நாலு பார் 'ஏ'. அடுத்த இரண்டு 'டி'. திரும்ப 'ஏ'யில் இரண்டு. ஒன்பதாவது 'ஈ', பத்தாவது 'டி', பதினொன்று 'ஏ', பன்னிரண்டாவதில் மறுபடி 'ஈ'. அது அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். சிலர் இரண்டாவது பாரிலேயே ஒரு தடவை 'டி'க்குப் போய்த் திரும்புவார்கள், பாட ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளணும். ஒரு சுற்றுக்கு 48 தட்டு, 96 அடி. 120 வேகத்தில் 24 செகண்ட். பாட்டு வரியும் இதற்குள்தான் உட்காரும். பொதுவாக நாலு பாருக்கு ஒரு வரி. முதல் வரியைப் பாடி, அதையே இன்னொரு தரம் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வார்கள். வரி முடிந்து மிச்சமிருக்கிற இடத்தில் லீட் கிடாரோ மவுத் ஆர்கனோ பேசும். ரிதம் மட்டும் எந்த இடத்திலும் நிற்காது.

அப்படி நிற்காத ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். 1910-களிலிருந்து 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் கிளம்பினார்கள். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோ போய், பகலில் காகித ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் வாசித்தார். நகரத்து இரைச்சலில் மரக்கிடார் கேட்காது. எலக்ட்ரிக் கிடார் வந்தது. அப்படிப் போனவர்களில் ஜிம்மி ரீட், எடி டெய்லர் என்று இரண்டு மிசிசிப்பி நண்பர்கள். ரீட் 1925-ல் பிறந்தவர், டெய்லர் இரண்டு வயது மூத்தவர். ரீடுக்குக் கிடாரின் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்ததே டெய்லர்தான். ரீட், ஸ்டீல் ஆலைகள் நிறைந்த கேரி என்ற ஊரில் இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார்.

1950-களின் நடுவிலிருந்து ரீடின் பாட்டுகள் வரிசையாக வெற்றி. கூடவே குடியும் வலிப்பு நோயும் அவரைத் தின்றன. ரெக்கார்டிங்கில் வரி மறந்துபோகும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வரியைக் காதில் சொல்வார். அந்தப் பதிவுகள் பெரும்பாலானவற்றில் பக்கத்தில் டெய்லரின் கிடார், நான் மேலே சொன்ன அதே இரண்டு கம்பி, அதே விரல், கடிகாரம் மாதிரி. 1959-ல் வந்த 'பேபி வாட் யூ வான்ட் மீ டு டூ' கேட்டுப் பாருங்கள். பாடுகிறவர் சோம்பலாக, தட்டுக்குப் பின்னால் சாய்ந்து சாய்ந்து வருவார். அவர் எவ்வளவு சாய்ந்தாலும் பாட்டு விழாது, கீழே ஒரு சுவர் இருக்கிறது. ரீடின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். 1976-ல் அவர் இறந்தார். 1991-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 1985-ல் இறந்த டெய்லரை ப்ளூஸ்காரர்களுக்குத்தான் தெரியும். தனியாகவும் நல்ல பாட்டுகள் பதிவு செய்தவர் அவர். இது நியாயமா என்று அறை நண்பனிடம் கேட்டேன். "நீ நிறுத்திட்டா நான் பாட முடியாதுடா, அது எனக்குத் தெரியும்ல," என்றான். எனக்கு அது போதும். டெய்லருக்குப் போதுமா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இதே விரலசைவில் அந்த நீளம்-குறிலை நீக்கி, இரண்டு அடியையும் சமமாக்கி வேகம் கூட்டினால் என்ன ஆகும்? சக் பெர்ரி அதைத்தான் செய்தார். 1958-ல் 'ஜானி பி. குட்'. ராக் அண்ட் ரோல் கிடாரின் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்ததுதான். ஷஃபிளை அதன் நடையிலேயே முரட்டு வேகத்தில் கேட்க வேண்டுமானால் ஸ்டீவி ரே வானின் 'ப்ரைட் அண்ட் ஜாய்', 1983. அதை உடனே வாசிக்க ஆசைப்படாதீர்கள். அவர் கை வேறு, நம்ம கை வேறு.

பழகும்போது செல்போன் மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். பத்துச் சுற்று ஒரே மாதிரி வந்தால் நாலு கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பேராக வாசித்தால், பாடுகிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். ஒன்பதாவது பாரில் அவன் தலையசைத்தால் அது கடைசிச் சுற்று. பன்னிரண்டாவது பாரில் 'ஈ'க்குப் போகக்கூடாது. 'ஏ'யிலேயே இருந்து, முதல் தட்டில் ஒரே அடி அடித்துக் கம்பியைக் கையால் மூடிவிடுங்கள்.