ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, டேப்லெட் வந்தாச்சு... ஆசிரியருக்குப் பயிற்சி வந்து சேர்ந்ததா?

காலை 10.20 மணி. டெஸ்க்கில் வேலை சூடுபிடிக்கும் நேரம். அம்மாவிடமிருந்து போன். வகுப்பு நேரத்தில் அம்மா போன் பண்ணவே மாட்டார். பதறிப்போய் எடுத்தேன்.

“பாப்பா, போர்டு ஆன் ஆகுது. ஆனா படம் வர மாட்டேங்குது. நீலக் கலர்ல ‘நோ சிக்னல்’னு நிக்குது. பிள்ளைங்க எல்லாம் என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”

அம்மா தென் மாவட்டம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 27 வருட சர்வீஸ். “ரிமோட்ல ‘ஸோர்ஸ்’னு ஒரு பட்டன் இருக்கும்மா. அதை அமுக்கி ‘எச்டிஎம்ஐ 2’ வைம்மா” என்றேன். படம் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் எனக்கு போன் போடுவதற்கு முன்பு அரை மணி நேரம் தனியாகப் போராடியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்கு அன்றைய அறிவியல் பாடம் அதோடு போச்சு.

பயிற்சி தரவில்லையா என்றால், தந்தார்கள். ஒரு நாள். ஒரு ஹாலில் 60 பேர், முன்னால் ஒரே ஒரு திரை, இயக்கிக் காட்டியவர் ஒருவர். அன்று முழுக்க ரிமோட் அம்மாவின் கைக்கு வரவே இல்லை.

கருவி பள்ளிக்கு வந்து இறங்குவதற்கும், ஆசிரியர் அதை வைத்துப் பாடம் நடத்துவதற்கும் நடுவில் என்னென்ன நடக்க வேண்டும்? இந்த விளக்கத்தில் பார்க்கலாம்.

தமிழக அரசுப் பள்ளிகளுக்கு என்னென்ன வந்திருக்கிறது?

கடந்த சில ஆண்டுகளில் வந்தவை கொஞ்சநஞ்சமல்ல. 2018-ல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பக்கங்களில் கியூஆர் கோடு சேர்ந்தது. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. மாணவர்களின் மதிப்பீட்டை ஆசிரியர்கள் செயலியில் பதிய ஆரம்பித்தார்கள். 2023-ல் ‘மணற்கேணி’ செயலி வெளியானது. பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாகத் தருவது இதன் வேலை. பெயர் திருக்குறளிலிருந்து வந்தது.

கருவிகள் என்று பார்த்தால், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி, அதாவது டேப்லெட். தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முதலில் வந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகம் (நம்ம ஊர் வழக்கில் ‘ஹைடெக் லேப்’) பிறகு நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்தது.

வாங்கும் வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

பயிற்சி எப்படி வந்து சேருகிறது?

மாநில அளவில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். மாவட்ட அளவில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். அதற்குக் கீழே வட்டார வள மையம், அங்கே ஆசிரியர் பயிற்றுநர்கள். கடைசியில் பள்ளிகளுக்கு அருகில் நடக்கும் குறுவள மையக் கூட்டம்.

மேலே சிலருக்குப் பயிற்சி. அவர்கள் அடுத்த நிலையினருக்கு. அவர்கள் அதற்கும் கீழே. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை எட்டுவதற்கு இது செலவு குறைந்த வழி. ஆனால் மேல்மடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை டெல்டாக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று நாள் பயிற்சி ஒரு நாளாகச் சுருங்கும். செய்து பார்த்தது, வெறுமனே பார்த்தது ஆகிவிடும்.

இன்னொரு வழி ஆன்லைன். மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. 2019-ல் தொடங்கிய ‘நிஷ்தா’ ஆசிரியர் பயிற்சியும் கொரோனா காலத்தில் இதே தளத்துக்கு மாறியது. வீட்டிலிருந்தே படிக்கலாம், முடித்தால் சான்றிதழ். இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வம்பும் உண்டு. வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் வேலை பார்த்தாலும் சான்றிதழ் வந்துவிடும்!

சரி, எங்கேதான் இடிக்கிறது?

முதல் சிக்கல், பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறோம் என்பது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆசிரியருக்குத் தேவை அதற்கு அடுத்த படி.

2006-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புண்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கல்வித் துறையில் ‘டிபேக்’ என்று சொல்வார்கள். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கத் தெரிவது ஒன்று, கருவி தெரிவது ஒன்று. இந்த மூன்றும் சேரும் இடத்தில் இருப்பதுதான் ஆசிரியருக்கு வேண்டிய அறிவு என்பது அதன் சாரம்.

ஒரு உதாரணம். பின்னம் என்றால் என்ன என்று ஆசிரியருக்குத் தெரியும். நான்கைவிட எட்டு பெரிது என்பதால் கால் பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரிது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நினைக்கும் என்பதும் அனுபவத்தில் தெரியும். அந்தத் தப்பைத் திரையில் எதைக் காட்டினால் பிள்ளையே கண்டுபிடிக்கும்? எந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்? எப்போது போர்டை அணைத்துவிட்டு ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினாலே போதும்? பயிற்சி இதைத்தான் தொட வேண்டும். 27 வருட அனுபவம் இங்கே பலமாக மாறும். பட்டன் மட்டும் சொல்லித் தந்தால் அதே 27 வருடம் பலவீனம் போலத் தெரியும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் முன்னால் கூசிப்போக வைக்கும்.

இரண்டாவது சிக்கல், நேரம். வருகைப்பதிவில் தொடங்கி நலத்திட்டப் பொருள் விவரம் வரை ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில் ஏற்ற வேண்டும். பதிவேற்றும் வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்தன. அதன் பிறகு நடுநிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் பயிற்றுநர்களிடம் இந்தப் பணிகள் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியில் யாரிடம் ஒப்படைப்பது? ஒருவர் தலைமை ஆசிரியர், இன்னொருவர் மற்ற எல்லாம்!

மூன்றாவது, கேட்க ஆள் இல்லாதது. பயிற்சி சனிக்கிழமை நடக்கிறது, சந்தேகம் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு வருகிறது. அந்த நிமிடத்தில் பக்கத்தில் யார்? இன்று பல வீடுகளில் அந்த ஹெல்ப்டெஸ்க், ஆசிரியர்களின் மகனும் மகளும்தான். பிள்ளை இல்லாத ஆசிரியர் என்ன செய்வார்? போர்டை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுப்பார். அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலம் என்ன செய்தது?

கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2001-ல் தொடங்கியது. 2017-ல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள். இந்த எண்ணிக்கையைவிட கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பயிற்சி தரும் மாஸ்டர் டிரெய்னர்கள் பெரும்பாலும் வகுப்பறையில் இருந்து வந்த ஆசிரியர்கள். பள்ளி அளவிலும் ஐடி பொறுப்பை ஒரு ஆசிரியர் ஏற்கிறார். இரண்டு, கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மூன்று, 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றம். இதில் பயிற்சி பெற்ற மாணவர்களே பள்ளியின் கருவிகளைக் கவனிக்க உதவுகிறார்கள். ஸோர்ஸ் பட்டன் மாதிரி விஷயத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனே போதும்.

2024 மே மாதம் சுமார் 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சியைத் தொடங்கியபோதும் கைட் 25 பேர் கொண்ட குழுக்களாகத்தான் பிரித்தது. மூன்று நாள், செய்து பார்க்கும் பயிற்சி.

பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் கொடுத்தால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. தென் அமெரிக்க நாடான பெரு, ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் லட்சக்கணக்கான லேப்டாப்களைக் கொடுத்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. யுனெஸ்கோவின் 2023-ம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் பெருவைச் சுட்டிக்காட்டுகிறது: கருவி வந்தது, கற்பிக்கும் முறையோடு அது சேரவில்லை. ஆசிரியர்களுக்கு என்னென்ன தொழில்நுட்பத் திறன் வேண்டும் என்று வரையறை வைத்திருப்பது உலகில் பாதி நாடுகள்தான் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

அலுவலகப் பணியாளர்களை மறந்துவிட்டோமா?

பள்ளி என்றால் ஆசிரியர் மட்டும் இல்லையே. மாற்றுச் சான்றிதழ், உதவித்தொகை விவரம், சம்பளப் பட்டியல் என இளநிலை உதவியாளரின் மேசையும் முழுக்க ஆன்லைன் ஆகிவிட்டது. இவர்களுக்கான பயிற்சி பற்றிப் பேச்சே குறைவு.

சின்ன விஷயம்தான், தமிழ் டைப்பிங். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும் காட்சி இன்றும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டு யூனிகோடில் அடித்தால் இந்தத் தலைவலி மொத்தமாகப் போய்விடும்.

பெரிய விஷயம், மாணவர் விவரங்களின் பாதுகாப்பு. தீக்‌ஷா தளத்தில் பதிந்திருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் எண் போன்ற விவரங்கள் பாதுகாப்பில்லாத சர்வரில் இருந்ததாக 2023 ஜனவரியில் ‘வயர்ட்’ இதழ் செய்தி வெளியிட்டது. மாணவர் விவரங்களும் அதில் இருந்தன. அதே ஆண்டு மத்திய அரசு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தை இந்தச் சட்டம் பொதுவாகக் கேட்கிறது. ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆதார் நகல் கேட்கும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. பயிற்சிப் பட்டியலில் இதுவும் இருக்க வேண்டாமா?

ஏஐ?

வினாத்தாள் தயாரிக்க, பாடத்தை எளிமையாக்க ஆசிரியர்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். யுனெஸ்கோ 2024-ல் ஆசிரியர்களுக்கான ஏஐ திறன் வரையறையை வெளியிட்டது. இப்போதைக்கு இரண்டு விதிகள் போதும். மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ அதில் தட்டச்சு செய்யாதீர்கள். அது தரும் விடையைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிடாமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பிழையைக்கூட நம்பிக்கையோடு சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு!

இன்றைக்கே தொடங்க என்னென்ன இருக்கிறது?

எல்லாமே இலவசம்:

* மணற்கேணி, தீக்‌ஷா: பாட வீடியோக்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கே போகலாம். நெட் சரியில்லாத பள்ளி என்றால் முதல் நாளே தரவிறக்கிவிடுங்கள்.
* ஃபெட்: கொலராடோ பல்கலைக்கழகத்தின் அறிவியல், கணித சிமுலேஷன்கள். சில தமிழிலும் உண்டு.
* ஜியோஜீப்ரா: வடிவியலையும் வரைபடத்தையும் அசைத்துக் காட்ட.
* ஸ்போக்கன் டுடோரியல்: மும்பை ஐஐடியின் கணினிப் பயிற்சி வீடியோக்கள். தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. அலுவலகப் பணியாளர்களுக்கும் பயன்படும்.
* 1930: ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண். பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.

நல்ல பயிற்சியை எப்படி அடையாளம் காண்பது?

உங்கள் பள்ளிக்குப் பயிற்சி வந்தால் நாலே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கருவி என் கைக்கு வருமா? என் பாடத்தை, என் வகுப்பை வைத்துச் சொல்லித் தருவார்களா? அடுத்த மாதம் இதே ஆட்கள் திரும்ப வருவார்களா? செவ்வாய்க்கிழமை காலை சந்தேகம் வந்தால் யாருக்கு போன் செய்வது? நாலுக்கும் பதில் இருந்தால் அது பயிற்சி. இல்லையென்றால் வருகைப்பதிவு மட்டும்தான்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அவரது டைரியின் பின்பக்கத்தைக் காட்டினார். நீல மையில் ‘ரிமோட் - ஸோர்ஸ் - எச்டிஎம்ஐ 2’ என்று எழுதி, பக்கத்தில் ரிமோட் படமும் வரைந்து வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாராம்.

“இப்போ அவங்களுக்கு ஏதாவதுன்னா என்னைத்தான் கூப்பிடுறாங்க பாப்பா” என்றார். குரலில் லேசாகப் பெருமை தெரிந்தது.

எனக்கும் இப்போதெல்லாம் 10.20 மணிக்கு போன் வருவதில்லை.