ஓடும் எண்ணெயில் உறையும் மின்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையூர்களில் மீன்பிடிப் படகுகள் பலவற்றை மண்ணெண்ணெய் இயந்திரங்களே செலுத்துகின்றன. இவற்றுட் பல, பெற்றோலினால் தொடக்கப்பெற்றுப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவன. ஆதலின் மீனவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்திருப்பர். சுருட்டையும் அடுப்பையும் இவற்றினின்று விலக்கவேண்டும் என்பதை யாவரும் அறிவர். நெருப்பே இல்லாத இடத்திலும், ஓடும் எண்ணெய் தானே தீப்பொறியை உண்டாக்கக்கூடும் என்பதை அறிந்தவர் சிலரே.

இது நிகழுமாறு யாங்ஙனம்? தூய்மையாகத் தோன்றும் எண்ணெயிலும் மிகச் சிறிய அளவில் அயன்கள் உள்ளன. எண்ணெய் குழாயினுள் நிற்கும்போது, ஒருவகை ஏற்றமுடைய அயன்கள் குழாய்ச் சுவரிற் படிகின்றன. எதிரேற்றமுடையவை அதற்கு அணித்தே எண்ணெயில் நிற்கின்றன. எண்ணெய் ஓடத் தொடங்கியதும் பின்னவை அதனோடு அடித்துச் செல்லப்படுகின்றன. இவ்வாறு ஒருவகை ஏற்றமே கலத்தினுட் சென்று குவிகின்றது. ஓட்டம் விரைவாயின் குவிவு மிகும். எண்ணெய் வடிகட்டியூடாகச் சென்றாலும், அதனோடு நீர் கலந்திருந்தாலும் அது மேலும் மிகும்.

நீரிலாயின் இவ்வேற்றம் கணத்தில் மறைந்துவிடும். நீர் மின்னைக் கடத்தும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் காவலிகள். கடத்துதிறன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயில், ஏற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவதற்கே 18 செக்கன் வரை செல்லலாம். அதற்குள் எண்ணெயின் மேற்பரப்புக்கும் அருகிலுள்ள உலோகத்துக்குமிடையே பொறி பாயக்கூடும். பெற்றோல் ஆவியும் காற்றும் ஏற்ற அளவிற் கலந்திருப்பின், ஒரு மில்லியூலின் கால் பங்கு சத்தியுடைய பொறியே அதைப் பற்றவைக்கப் போதும்.

கடற்காற்றின் ஈரம் இவ்வாபத்தைப் போக்கிவிடும் என எண்ணுதல் கூடும். மருதமுனைத் தறியில் நெய்த துணியிலோ, மனிதர் தோலிலோ சேரும் மின்னை ஈரக்காற்று கசியவிடும் என்பது உண்மையே. ஆயின் எண்ணெயின் உள்ளே அடைபட்ட ஏற்றத்தை வெளிக்காற்றின் ஈரம் தொடமாட்டாது. 1969 டிசெம்பரில் மார்பெசா, மாக்ட்ரா, கொங் ஹாக்கன் என்னும் மூன்று பெரும் எண்ணெய்க் கப்பல்கள், நடுக்கடலிற் கலங்களை நீர்பாய்ச்சிக் கழுவுகையில் வெடித்தன, மார்பெசா மூழ்கியது. கழுவுநீர்த் துளிகளிற் சேர்ந்த ஏற்றமே காரணமென ஆய்வாளர் கருதினர். நீர் தெறித்த இடத்திலேயே மின் பிறந்தது.

கரையூர்களில் இன்னுமொரு காரணம் உண்டு. இக்காலப் படகுகள் பல கண்ணாடியிழையாலானவை. அதுவும் ஒரு காவலியே. அதன்மீது வைத்த உலோகக் கலத்திற் சேர்ந்த மின்னுக்கு நிலத்தை அடைய வழியில்லை. முச்சக்கரவண்டியின் இறப்பர் விரிப்பும் அவ்வாறே. ஆதலின் கலத்தை இறக்கி வெறுநிலத்தில் வைத்தே நிரப்புதல் வேண்டும். உலோகக் கலமாயின், குழாயின் நுனி அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருத்தல் நன்று. பிளாத்திக்குக் கலம் மின்னைக் கடத்தாது. அதில் நிரப்பும்போது பொறுமையே காவல். எரிபொருட் பௌசரிலிருந்து நிலத்தடிக் கலத்துக்கு எண்ணெய் இறக்குமுன் புவித்தொடுப்புக் கம்பியைப் பூட்டுவதன் நோக்கமும் இதுவே.

பெற்றோல் இருந்த கலத்தில் மண்ணெண்ணெயை ஊற்றுதல் தனிக் கவனத்துக்குரியது. தங்கிய பெற்றோல் ஆவியின் ஒரு பகுதியை மண்ணெண்ணெய் உறிஞ்ச, மீந்த ஆவி தீப்பற்றும் அளவை அடையலாம். ஓடிவரும் மண்ணெண்ணெயோ மின்னைக் கொணர்கின்றது. எரியும் பொருளும் பொறியும் அங்கே ஒருங்கு கூடுகின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு கலங்கள் வைத்தலே தக்கது.

பெரிய கலங்களை நிரப்புவோர், நுழைகுழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை செக்கனுக்கு 1 மீற்றருக்கு மேற்படாத வேகத்தைக் கைக்கொள்வர். குழாயை அடிவரை இறக்குவர். நிரப்பி முடிந்ததும் சிறிது பொறுத்தே அளவுகோலை இடுவர். வைகறையில் கடலுக்கு விரையும் மீனவர்க்கும் இம்முறை பொருந்தும். அவசரம் மின்னைச் சேர்க்கின்றது. பொறுமை அதை நிலத்துக்கு அனுப்புகின்றது. பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் மொழி.