பேஸ்ட் செய்ததும் பாமினி யூனிகோடாகும் வித்தை

வீராணம் ஏரிப் பாசனம் பற்றிய மனு ஒன்று, காட்டுமன்னார்கோயில் டிடிபி கடையில் எப்போதோ பாமினி எழுத்துருவில் அடித்தது, கணினியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காப்பி செய்து இணையப் படிவத்தில் பேஸ்ட் செய்தால் தமிழ் வராது. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும்.

கணினி சேமித்து வைத்தது முதலிலிருந்தே இவற்றைத்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது எழுத்துரு. தமிழுக்கென்று தனி இடம் தந்தது 1991-ல் வந்த யூனிகோடு. தமிழக அரசு 2010-ல் அதை ஏற்றுக்கொண்டாலும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுமா?

இணையப் பக்கமே இதைச் சரிசெய்யலாம். கண்ட்ரோலும் வி-யும் அழுத்தியதும், எழுத்து பெட்டிக்குள் விழுவதற்கு முன்பே உலாவி 'பேஸ்ட்' என்ற நிகழ்வை எழுப்புகிறது. அதற்காகக் காத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கிளிப்போர்டைப் படித்து, வழக்கமான ஒட்டலைத் தடுத்து, தான் மாற்றிய எழுத்தைப் போட்டுவிடும்.

வந்திருப்பது பாமினியா, நிஜ ஆங்கிலமா? இங்கேதான் சுவாரசியம். வேர்டில் காப்பி செய்தால் கிளிப்போர்டில் ஒரே செய்தி பல வடிவங்களில் உட்காருகிறது. வெறும் எழுத்து வடிவத்தில் எழுத்துருவின் பெயர் இருக்காது. எச்டிஎம்எல் வடிவத்தில் இருக்கும். அதைப் பார்த்து, மனுவின் நடுவே வரும் மின்னஞ்சல் முகவரியை நிரல் தொடாமல் விடலாம். நோட்பேட் வழியாக வந்தால் அந்தத் தடயம் போச்சு.

அடுத்த தொல்லை கொம்பு. 'கொ' என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்கள்: ஒற்றைக்கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகே குறி. நிரல் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிக்கொண்டே போனால் கொம்பு முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூன்றெழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வர வேண்டும்.

கிளிப்போர்டில் பாஸ்வேர்டும் இருக்கலாம் என்பதால், நினைத்தபோதெல்லாம் அதை எட்டிப்பார்க்க உலாவி நிரலை விடுவதில்லை. பயனர் தாமே ஒட்டும்போது திறந்துவிடுகிறது. இதே நிகழ்வை வைத்துத்தான் சில படிவங்கள் வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டவிடாமல் கையால் அடிக்க வைக்கின்றன. எரிச்சலான வேலை!

இன்னொன்று: பெட்டியில் இருப்பதை நிரல் நேரடியாக மாற்றி எழுதினால், கண்ட்ரோல் இசட் அழுத்திப் பின்வாங்கும் வசதி கெட்டுப்போகலாம். நல்ல நிரலர் இதையும் சோதித்துவிட்டே படிவத்தை வெளியிடுவார்.