படி ஏறினால் கணக்கு வரும்!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு 365 நாட்கள். நாளுக்கு ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள்.

இந்தப் படிகளிலே சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கணக்குப் பள்ளிக்கூடமே இருக்கிறது!

ஒப்பிப்பது கணக்கா?

"எங்கள் பிள்ளை நூறு வரை சொல்லுவான்" என்று பெற்றோர் பெருமைப்படுவது உண்டு. பையனும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஆனால், "ஐந்து புளியங்கொட்டை எடுத்து வா" என்றால், கை நிறைய அள்ளி வருவான்!

அவனுக்குத் தெரிந்தது எண்களின் பெயர்கள்தான். ஒரு பொருளுக்கு ஒரு எண். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இது மனதில் பதிய வேண்டும். பதியாமல் பள்ளிக்குப் போகும் பிள்ளை கூட்டலிலே தடுமாறும். பாவம், "மக்கு" என்ற பெயரும் வாங்கும்.

ஒரு சோதனை. ஐந்து கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், "எத்தனை?" என்று கேளுங்கள். குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். கோபிக்க வேண்டாம். நாளைக்கும் விளையாடுங்கள்.

பையிலே கொட்டை

மலை ஏறும்போது குழந்தையின் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். கால் படியில் பட்ட பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து படி போதும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை உச்சி வரை எண்ணலாம். பத்துப் படி ஆனதும் ஒரு புளியங்கொட்டையைப் பையில் போட வேண்டும். பிறகு மறுபடி ஒன்று, இரண்டு!

மேலே போய்ப் பார்த்தால் பையில் 36 கொட்டை. மீதி 5 படி. கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தால் மூன்று குவியல், உதிரி ஆறு. கொட்டை ஒன்று பத்துப் படி; குவியல் ஒன்று நூறு படி. முந்நூறு, அறுபது, ஐந்து! நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பு கைக்கே வந்துவிடுகிறது.

தமிழா, தெலுங்கா?

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த ஊர். எல்லைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேச்சு. வீட்டிலே "ஒகட்டி, ரெண்டு, மூடு"; பள்ளியிலே "ஒன்று, இரண்டு, மூன்று". குழந்தை குழம்புமோ என்று பயப்பட வேண்டாம். வீட்டு மொழியிலேயே எண்ணட்டும். எண்ணத் தெரிந்துவிட்டால், பெயர் மாறுவது பெரிய காரியமல்ல. "ரெண்டு", "ஆறு" இரண்டும் இரு மொழிப் பேச்சிலும் ஒன்றுதானே!

திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2022-ல் தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆடிப் பாடிக் கற்றுத் தரும் திட்டமாக அது இருந்தது.

ஆறு ஈர்க்குச்சி

வடிவங்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும். ஒரே நீளத்தில் ஆறு துண்டு ஒடியுங்கள். மூன்று குச்சியில் ஒரு முக்கோணம், நுனி மேலே. அதன்மேல் இன்னொன்று, நுனி கீழே. கோலத்தில் பார்க்கும் ஆறுமுனை நட்சத்திரம் வந்துவிடும்!

தலைகீழாக இருப்பதை, "இது முக்கோணமில்லை" என்று பல குழந்தைகள் சொல்லும். படங்களில் எப்போதும் நுனி மேலேயே பார்த்த பழக்கம். திருப்பிக் காட்டுங்கள், மூன்று பக்கத்தையும் விரலால் தொட்டு எண்ணட்டும்.

அப்புறம், நட்சத்திரத்தில் எத்தனை முக்கோணம் என்று கேளுங்கள். "ஆறு" என்று சட்டென்று பதில் வரும். அடியில் இருக்கும் பெரிய முக்கோணம் இரண்டையும் அதுவே கண்டுபிடித்து "எட்டு!" என்று கூவும் வரை, நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.